நாய் வளர்க்கும் வீட்டுக்குப் பாம்பும் நரியும் வராதா?

கேள்வி

புளியந்தோப்பிலிருந்து மீஞ்சூருக்கு அப்பால் சொந்த வீடு கட்டிக்கொண்டு போகிறோம். பின்பக்கம் ஏரியும் சீமைக் கருவேலங்காடும் இருக்கின்றன. எங்களிடம் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் முப்பது புறாக்களும் உள்ளன. நாய் இருக்கும் வீட்டுப் பக்கம் பாம்போ நரியோ அண்டாது, கவலைப்படாதே என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானே?

9 ஜூன் 2024, காலை

சரியில்லை. நாங்களும் அதே நம்பிக்கையோடுதான் 2015-ஆம் ஆண்டு பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வெள்ளிவாயல்சாவடிக்கு வந்தோம். கொசஸ்தலை ஆற்றின் கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. இரவில் மொட்டை மாடியில் நின்றால் வல்லூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரியும். அந்த விளக்குகளுக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பதெல்லாம் வயலும் கோரையும் கருவேலமுமாகத்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நாயும் பூனையும் கோழியும் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் பாம்பைத் தேடிப் போனது நாய்தானே தவிர, நாயைக் கண்டு விலகிப் போன பாம்பை நான் பார்த்ததில்லை.

2019 ஜூலையில் ஓர் இரவு, ஒன்பது மணி இருக்கும். குக்கரில் ஆவி சீறுவதைப் போன்ற ஓசை வைக்கோல் போருக்குப் பின்னால் கேட்டது. நான் அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் குக்கர் இல்லை. அதற்குள் எங்கள் நாய் கறுப்பன் ஒருமுறை குரைத்துவிட்டு, உடனே வீறிட்டுக் கத்தினான். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தபோது, முதுகு நெடுகச் சங்கிலி கோத்தாற்போல் வட்டங்கள் கொண்ட ஒரு கண்ணாடி விரியன் வைக்கோலுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. கறுப்பனின் மூக்குக்கு மேல் இரண்டு துளிகள் இரத்தம். நாய்களுக்குப் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான் கடி விழும், ஏனென்றால் அவை முகர்ந்து பார்த்துத்தான் எதையும் அறிந்துகொள்கின்றன.

அரை மணி நேரத்தில் அவன் முகம் பானையைப் போல வீங்கியது. வழியில் இருந்த ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் காட்டினோம். பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று ஒவ்வாமைக்கு ஓர் ஊசி போட்டு, காலையில் வரச் சொன்னார்கள். பாம்பை என் கண்ணால் பார்த்தேன் என்று மூன்று முறை சொன்னேன். அவர்களிடம் விஷமுறிவு மருந்து இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் ஈறுகளிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவன் இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். அது உறையவே இல்லை.

கறுப்பன் பிழைத்தான். ஐந்து நாள் தினமும் கொண்டுபோய்க் காட்டினோம், சிறுநீரகம் கெட்டுவிட்டதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள். இப்போதும் அவன் மூக்கின் மேல் மயிர் முளைக்காத ஒரு தழும்பு இருக்கிறது.

9 ஜூன் 2024, இரவு

காலையில் எழுதியதில் என் தவற்றை விட்டுவிட்டேன். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடத்தை நான் வீணாக்கினேன். கடிவாயைக் கத்தியால் கீற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மிளகைக் கொடுத்து உறைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். நான் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். கண்ணாடி விரியன் கடித்த உடம்பில் இரத்தம் உறையாது என்பதால், கீறியிருந்தால் அந்தக் காயத்தின் வழியாகவே அவன் செத்திருப்பான். காலில் கடிபட்டிருந்தால் கயிற்றால் இறுகக் கட்டவும் செய்திருப்பேன். அப்படிக் கட்டினால் விஷம் ஓரிடத்தில் தேங்கித் தசை அழுகும். செய்ய வேண்டியதெல்லாம் நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவதும், விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அந்த இடத்துக்கே நேராகப் போவதும்தான்.

12 ஜூன் 2024

குட்டி நாய்க்குக் கொஞ்சம் மருந்து போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். போதாது. அந்தக் கணக்கை நானும் வேப்பேரியில்தான் கற்றுக்கொண்டேன். விஷமுறிவு மருந்தின் அளவு கடிபட்ட உடம்பின் எடையைப் பொறுத்தது அன்று, உள்ளே இறங்கிய விஷத்தின் அளவைப் பொறுத்தது. பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விடுவதில்லை. அதனால்தான் மனிதர்களிலும் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு கொடுக்கிறார்கள். விஷம் ஏறியது உறுதியானால் முதலில் 8 முதல் 10 குப்பி வரை செலுத்துவது வழக்கம். ஒரு குப்பி 10 மில்லி. அது கண்ணாடி விரியன் விஷத்தில் 6 மில்லிகிராமையும், கட்டுவிரியன் விஷத்தில் 4.5 மில்லிகிராமையும் முறிக்கும் அளவில் தயாராகிறது. நாய்க்கும் மனிதர்களுக்கும் மருந்து ஒன்றுதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விஷத்தையும் முறிப்பது. அந்த விஷத்தில் பெரும்பகுதியை மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பல்லாண்டுகளாக எடுத்துக் கொடுத்து வருகிறது. கறுப்பனின் உடம்பில் ஏறிய மருந்தில் அவர்களுடைய கையும் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

23 ஜூன் 2024

இனி நரியைப் பற்றி. நீங்கள் போகும் பக்கத்தில் நரி இருக்கும். மாலை மங்கியதும் ஒன்று ஊளையிட, இன்னொன்று தொடர, பிறகு எந்தத் திசையிலிருந்து எத்தனை ஊளையிடுகின்றன என்றே தெரியாதபடி கருவேலங்காடு முழுவதும் கூவும். முதல் ஆண்டு என் மாமியார் அதைக் கேட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த ஊளை கேட்காத மாலையில்தான் அவருக்குக் கவலை வருகிறது.

நரி ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஆற்றோரத்து நண்டு, எலி, செத்த மீன், கருவேலங்காய், மனிதர்கள் கொட்டும் இறைச்சிக் கழிவு என்று கிடைத்ததைத் தின்று வாழும். அது வீட்டுப் பக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நம் குப்பையைத்தான். எங்கள் தெருவில் ஒருவர் கோழிக் கழிவை வேலிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த வரையில் வாரத்துக்கு இருமுறை நரி வந்தது. அவர் குழி தோண்டிப் புதைக்கத் தொடங்கியதும் வருகை நின்றுவிட்டது. இருந்தாலும் 2017-இல் ஒரே இரவில் எங்கள் கூண்டுக்குள் நரி புகுந்து நான்கு சிறுவிடைக் கோழிகளைக் கொன்றுவிட்டது. ஆகவே கோழி வைத்திருப்பவர்கள் நரியைப் பொறுத்தவரை எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

25 ஜூன் 2024

முந்தைய குறிப்பின் கடைசிப் பகுதியைத் திருத்துகிறேன். அதைப் படித்த என் கணவர், அன்று காலை வந்து பார்த்த பெரியவர் சொன்னதை மறந்துவிட்டாயா என்று கேட்டார். உண்மையாகவே மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் வசிக்கும் இருளர் பெரியவர் ஒருவர், தடம் பார்ப்பதில் அவரைப் போன்ற ஆளை நான் கண்டதில்லை. கூண்டைச் சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "நரி இல்லம்மா. நரின்னா கோழிய வாயில கவ்விக்கினு காட்டுக்குள்ள பூடும். இங்கியே குந்திக்கினு இறக்கையப் பிச்சிப் போட்டிருக்குது பாரு, இது வேற" என்றார். தடத்தில் நகம் பதியவில்லை என்றும் காட்டினார். நாய்க்கும் நரிக்கும் நடக்கும்போது நகம் மண்ணில் பதியும். பூனை இனத்துக்கு உள்ளே மடங்கிக்கொள்ளும்.

ஏழு ஆண்டுகளில் அந்தக் காட்சியில் காட்டுப்பூனை இருந்த இடத்தில் நரியை நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கோழி செத்தால் நரி என்று சொல்லிப் பழகிய வாய். அந்தப் பழக்கத்தால்தான் ஊர்ப்பக்கங்களில் செத்த கோழியின் மேல் விஷம் தடவி வைக்கிறார்கள். அதைத் தின்று சாவது நரி மட்டுமில்லை, அடுத்த வீட்டு நாயும் காக்கையும் பருந்தும்தான்.

14 ஜூலை 2024

புறாவைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என் தம்பி வியாசர்பாடியில் இருபது ஆண்டுகளாகக் கர்ணப் புறா வளர்க்கிறான், அவனுடைய அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

பகலில் வானத்திலிருந்து வருவது இரண்டு. வைரி சிறியது, கூண்டின் அருகிலுள்ள மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து குஞ்சையோ நோயுற்றதையோ அடிக்கும். பொரி வல்லூறு குளிர்காலத்தில் வரும் விருந்தாளி. அது உயரத்திலிருந்து மடிந்து விழுந்து, பறந்துகொண்டிருக்கும் புறாவையே அடிக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை நெடுநேரம் பறக்கவிடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காக வல்லூற்றைக் கல்லால் அடிக்கவோ வலை விரிக்கவோ கூடாது. நாம் பந்தயத்துக்காக வானத்தில் ஏற்றிவிட்ட புறாவுக்கும் காட்டுப் புறாவுக்கும் வேறுபாடு தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை.

இரவில் வருவன வேறு. சாரைப் பாம்பு சுவரிலும் குழாயிலும் ஏறிப் போய் முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். பனைமரம் அருகில் இருந்தால் மரநாயும் வரும். கள் பானையில் வாய் வைக்கும் என்று மரமேறிகள் சொல்வார்களே, அந்த விலங்குதான். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய் இனத்தைச் சேர்ந்ததன்று. கோழிக்கு அடிக்கும் அகலக் கண் கம்பிவலை புறாக் கூண்டுக்கு உதவாது. அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பிவலையை அடிப்பக்கத்திலும் சேர்த்து அடித்துவிட வேண்டும்.

சாரையைக் கொல்லாதீர்கள். அதற்கு விஷம் கிடையாது, எலியைத் தின்று எலியைத் தேடி வரும் நல்ல பாம்பைக் குறைக்கிறது. நல்ல பாம்பும் சாரையும் பிணைந்து ஆடுவதைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறார்கள். அப்படிப் பிணைந்து எழும்புபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள்; அது மல்யுத்தம், கலவி அன்று. நல்ல பாம்பும் சாரையும் ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. அந்தக் காட்சியின் மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்தால் செல்வம் சேரும் என்று என் மாமியாரின் அண்ணன் ஓடிப்போய் வேட்டியை வீசியிருக்கிறார். வேட்டி முள்ளில் கிழிந்தது.

3 ஆகஸ்ட் 2024

இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள், ரேபிஸ் என்னும் வெறிநோயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2022 மே மாதம், நடுப்பகல். ஒரு நரி எங்கள் தெரு நடுவே நேராக நடந்து வந்தது. ஒளியவில்லை, ஓடவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. பகலில் பயமில்லாமல் வரும் நரியிடம் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் கறுப்பனுக்குத் தெரியாதே. அவன் கேட்டைத் தாண்டிப் பாய்ந்தான். அது அவன் காதைக் கடித்துக் கிழித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல மறுபடியும் நேராக நடந்து போனது.

பதறிப்போய் வெறுங்கையால் அவன் காதைக் கழுவினேன். முதல் நாள் அரிவாள்மனையில் கீறிக்கொண்ட காயம் என் விரலில் இருந்தது. இரவு படுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கடித்தால்தான் நோய் என்பதில்லை. நோயுள்ள விலங்கின் எச்சில் திறந்த காயத்தில் பட்டாலும் அதைக் கடுமையான தொடர்பாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எழுந்து சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, விடிந்ததும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்கள், அன்றே முதல் தடுப்பூசி. பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் தோலுக்குள் போடும் ஊசிகள். கையிலிருந்து ஒரு ரூபாய் செலவாகவில்லை. கறுப்பனுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தோம். அதனால்தான் அவனுக்குக் கூடுதல் தவணைகள் மட்டும் போட்டுக் கண்காணிப்பில் வைக்க முடிந்தது. போடாமல் இருந்திருந்தால் அந்த மருத்துவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கவே எனக்குத் துணிவில்லை. இந்த நோயின் அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் மனிதராக இருந்தாலும் நாயாக இருந்தாலும் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த நரி கால்வாயோரம் செத்துக் கிடந்தது. அது வெறிநோயால்தான் செத்தது என்று சொல்ல மாட்டேன். மூளைத் திசுவைச் சோதித்தால்தான் உறுதியாகும், யாரும் சோதிக்கவில்லை. நாய்களிடமிருந்து நரிகளுக்குத் தொற்றும் டிஸ்டெம்பர் என்னும் நோயிலும் அவை இப்படியே தடுமாறித் திரியும். அந்தக் கடைசி வரியை நன்றாக எண்ணிப் பாருங்கள். தடுப்பூசி போடாத நம் நாயிடமிருந்து காட்டுக்கும் நோய் போகிறது. நரி நமக்குக் கொண்டுவந்து தருவதைப் பற்றி மட்டுமே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பூனைக்கும் அப்படியே. டிஸ்டெம்பருக்கும், எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் வரும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியும் இருக்கிறது. வீட்டுக்குக் கிரகப்பிரவேச நாள் குறிப்பதற்கு முன் இந்த நாள்களைக் குறியுங்கள்.

6 ஆகஸ்ட் 2024

கடித்த விலங்கைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து நாள் கண்காணிப்பு என்பது வீட்டில் கட்டி வைத்துப் பார்க்கக்கூடிய நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. அவற்றின் கடிக்கும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நரி, கீரி போன்றவை கடித்தால் பார்த்துக்கொண்டிருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

29 செப்டம்பர் 2024

பூனையைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதில் என் மனமே இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

எங்கள் மீனா எட்டு ஆண்டுகள் சுதந்திரமாகத் திரிந்தாள். ஓணான், தேன்சிட்டு, தவிட்டுக்குருவிக் குஞ்சு என்று தினம் ஏதாவது ஒன்றை வாசலில் கொண்டுவந்து வைப்பாள். எலியைக் கொண்டுவந்த நாளில் கொஞ்சுவேன், குருவியைக் கொண்டுவந்த நாளில் திட்டுவேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். காட்டு விலங்கால் வளர்ப்புப் பிராணிக்கு வரும் ஆபத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் நான், என் பூனை அந்தத் தோட்டத்துக்கு என்ன செய்தாள் என்பதையும் எழுத வேண்டும். நாங்கள் குடிவந்தபோது மாதுளைச் செடியில் ஆண்டுதோறும் கூடு கட்டிய தேன்சிட்டு மூன்றாம் ஆண்டில் வரவில்லை.

2021-இல் ஓர் இரவு அவள் சன்னல் வழியே உள்ளே வந்து, தரையில் படுத்திருந்த என் மகளின் பாய்க்கு அருகே எதையோ போட்டாள். கறுப்பாக, வெள்ளைக் கோடுகளோடு, ஒரு முழ நீளம்கூட இல்லை. கட்டுவிரியன் குட்டி, உயிரோடு இருந்தது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் கடி பல நேரங்களில் வலிக்காது, வீங்காது, தூங்கும் ஆளுக்குக் கடிபட்டதே தெரியாமல் விடியற்காலையில் இமை தொங்கி மூச்சு அடங்கும். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடி, மேலே செங்கல் வைத்து, பெரியவர் வரும்வரை அந்த அறைப் பக்கம் போகவில்லை.

அன்று முதல் மாலை ஆறு மணிக்கு மேல் மீனா வெளியே போவதில்லை. மூன்று வாரம் கத்தினாள், பிறகு பழகிவிட்டாள். பகலிலும் அடைக்க வேண்டும் என்று என் அறிவு சொல்கிறது. வெயிலில் மதில் மேல் நீட்டிப் படுத்திருக்கும் அவளைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. உங்கள் பூனை இளையது என்றால் போகும் முதல் நாளிலிருந்தே உள்ளே பழக்குங்கள்.

30 செப்டம்பர் 2024

கட்டிலும் கொசுவலையும் வாங்கினோம் என்பதை நேற்று எழுத மறந்துவிட்டேன். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். கட்டுவிரியனிடமிருந்து காக்கும் மலிவான பொருள் அதுதான். பூண்டுத் தண்ணீர், பெருங்காயம், கார்பாலிக் அமிலம் எல்லாவற்றையும் நாங்கள் தெளித்துப் பார்த்திருக்கிறோம். தெளித்த ஈரம் காய்வதற்குள் சாரை ஒன்று அதன் மேலேயே ஊர்ந்து போனது.

1 டிசம்பர் 2024

நேற்று ஃபெஞ்சல் புயல் மழை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் மழை என்றாலே எனக்குப் போன ஆண்டு நினைவு வந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையில் வரும் வெள்ளம் எங்கள் பக்கம் ஏறித்தான் எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும். 2015-இலும் 2021-இலும் பார்த்திருந்ததால் முன்கூட்டியே அரிசி, அடுப்பு, கறுப்பன், மீனா, கூடைக்குள் அடைத்த பதினொரு கோழிகள் எல்லாவற்றையும் மாடிப்படி அறைக்கு ஏற்றியிருந்தோம். இருட்டியபோது கீழே முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீரின் உயரம் பார்க்க என் கணவர் டார்ச் அடித்தார். மேலிருந்து ஏழாவது படியில் ஒரு நல்ல பாம்பு சுருண்டிருந்தது.

அது எங்களைத் தேடி வரவில்லை. நாங்கள் ஏறிய அதே காரணத்துக்காக ஏறியிருந்தது. படமெடுக்கவில்லை, சீறவில்லை, நனைந்த கயிறு போலக் கிடந்தது. ஆபத்து எங்கள் பக்கத்தில்தான் இருந்தது: கறுப்பன் ஒருமுறை பாய்ந்தால் போதும். என் கணவர் அவன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பழைய கதவுப் பலகையை அறையின் வாசலில் குறுக்கே வைத்து, அதன் கீழ் இடைவெளியில் சாக்கைத் திணித்தேன். தண்ணீர் ஏற ஏறப் பாம்பும் ஒவ்வொரு படியாக மேலே வந்தது. ஐந்தாவது படியில் நின்றுவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் வடியத் தொடங்கியதும், தலையைத் தூக்கி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவர் வழியாக வேலிப் பக்கம் நீந்திப் போனது. பதினாறு மணி நேரம். என் கணவரின் உள்ளங்கையில் கயிற்றின் தடம் நான்கு நாள் இருந்தது.

மழைக்காலத்தில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், விறகைக் கையால் எடுக்காமல் கோலால் தள்ளிவிட்டு எடுங்கள், நாயை இரவில் கட்டியே வையுங்கள். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம், 101. வெள்ள நாளில் அவர்களால் உடனே வர முடியாது என்பதால் கதவுப் பலகையும் சாக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4 டிசம்பர் 2024

அந்த வெள்ளத்தோடு சேர்ந்தது இன்னொன்று. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்தனவே, அப்போது எர்ணாவூரில் இருக்கும் என் தங்கையின் பூனை மார்பு வரை எண்ணெயோடு வீட்டுக்கு வந்தது. பூனை உடம்பை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் என்பதால் அந்த எண்ணெய் நேராக வயிற்றுக்குப் போய்விடும். அதை ஒரு துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு, சமையல் எண்ணெயைத் தேய்த்துக் கறையை இளக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தால் நான்கு முறை கழுவினாள். பிழைத்தது. கழிமுகத்து நண்டைத் தின்று வாழும் நரிகளைக் கழுவ யாரும் இல்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் ஊளை மிகக் குறைவாகவே கேட்டது.

19 ஜனவரி 2025

உடும்பைப் பற்றிக் கேட்டவருக்கு: முட்டையைத் தின்னும், உண்மைதான். பொங்கலன்று எங்கள் கறுப்பன் ஓர் உடும்பை மதிலோரம் மடக்கிவிட்டான். அது வாலால் அவன் முகத்தில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. உடனே நான்கு இளைஞர்கள் கூடி, கறிக்கும் எண்ணெய்க்கும் ஆகும் என்றார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு, பிடித்தால் சிறை என்று சொன்னேன். நம்பவில்லை. பெரியவர் வந்து, "தம்பிங்களா, அக்கா சொல்றது நெசம்தான், போங்கப்பா" என்ற பிறகே கலைந்தார்கள். நாயை வீட்டுக்குள் அடைத்துவிட்டு அரை மணி நேரம் பின்பக்கம் யாரும் போகாமல் இருந்தோம். தானாக இறங்கிப் போய்விட்டது. முட்டையை நாங்கள் இப்போது நாளுக்கு இருமுறை எடுத்துவிடுகிறோம்.

16 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் தை மாதம் குடிபோய்விட்டதாக எழுதியிருந்தார். நாய்களுக்கும் பூனைக்கும் ஊசி போட்டாயிற்று, புறாக் கூண்டுக்கு அரை அங்குல வலையும் அடித்தாயிற்று என்று படத்தோடு அனுப்பியிருந்தார். கூண்டின் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி படத்தில் தெரிகிறது. அதை அடைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு செய்தி. போன வாரம் மறுபடியும் ஒரு பெட்டைக்கோழி போனது, அதே போல இறகுகள் கூண்டுக்கருகிலேயே கிடந்தன. இந்த முறை நரி என்று நான் சொல்லவில்லை. நாயைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மூன்று மாலைகள் சமையலறைச் சன்னலில் காத்திருந்தோம். மூன்றாம் நாள் ஏழரை மணிக்குக் கோரைக்குள்ளிருந்து அது வந்தது. நீண்ட கால்கள், குட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சிறு மயிர்க்குச்சம். காட்டுப்பூனைதான். வேலியோரம் மாலையில் வந்து பெட்டைக்கோழியை நடுங்க வைக்கும் இதைச் சங்கப் புலவர்கள் வெருகு என்று அழைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே நேரத்துக்குத்தான் வருகிறது போலும். அதற்குப் பின்னால் கோரை அசைந்தது. இரண்டு குட்டிகள்.

மறுநாள் என் கணவரும் நானும் கூண்டைத் தூக்கி வந்து சமையலறைச் சுவரை ஒட்டி வைத்து, தாழ்ப்பாளை மாற்றினோம். மாலை ஆறு மணிக்குக் கோழிகளை அடைத்துவிடுகிறோம். ஏழரைக்கு அது பழைய இடத்துக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வயல் பக்கம் எலி பிடிக்கப் போகிறது. கறுப்பனுக்கு இப்போது பத்து வயது; சன்னலடியில் படுத்தபடியே காதை மட்டும் நிமிர்த்துகிறான்.